ரோமில் அக்காவோடு நடந்த மூன்று காலைகள்

முதல் நாள் ஒரு குழுவோடு சேர்ந்துதான் ரோமைச் சுற்றினோம். கொடி பிடித்த வழிகாட்டி முன்னால் விரைய, காதில் மாட்டிய கருவியில் அவர் குரல் விட்டுவிட்டுக் கேட்க, மூன்று மணி நேரத்தில் ஏழு இடம். அக்காவுக்கு முழங்கால் வலி. நாங்கள் ஓரிடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் சொல்லவேண்டியதை எல்லாம் சொல்லி முடித்து அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அன்று ராத்திரி அறையில் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "நாளைக்கு நாமளே போவோம்டி. எவ்வளவு தூரம் முடியுதோ அவ்வளவு தூரம்."

அடுத்த மூன்று நாளும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம், பன்னிரண்டு மணிக்குத் திரும்பினோம். அவ்வளவுதான் திட்டம். நாங்கள் நடந்த இடம் முழுக்க டைபர் ஆற்றின் ஒரு வளைவுக்குள் அடங்கிவிடும். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு வேகமாக நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. எங்களுக்கு மூன்று காலைகளும் போதவில்லை, ஏனென்றால் இந்த ஊர் தன் கதையைத் தெருச்சுவர்களிலேயே எழுதி வைத்திருக்கிறது, நின்று படிக்க நேரம் இருந்தால்தான் அது கண்ணில் படும்.

பியாட்சா நவோனாவிலிருந்து தொடங்கினோம். நீளமான சதுக்கம், நடுவில் சிற்பி பெர்னினியின் நீரூற்று, எல்லாரும் அதைத்தான் படம் பிடிக்கிறார்கள். நீங்கள் ஒரு முறை ஓரமாகவே சுற்றி நடந்து பாருங்கள். வடக்கு முனை அரைவட்டமாக வளைகிறது, தெற்கு முனை கிட்டத்தட்ட நேராக வெட்டினாற்போல் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் டொமிஷியன் பேரரசன் கட்டிய ஓட்டப்பந்தயத் திடலின் வடிவம் அது. பார்வையாளர்கள் உட்கார்ந்த படிவரிசைகளையே அடித்தளமாக வைத்து மேலே வீடுகள் எழும்பிவிட்டன. ஓடுவதற்கான களம் மட்டும் வெற்றிடமாகவே நின்றுவிட்டது. வடக்கு முனைக்கு வெளியே வந்து டோர் சாங்குவின்யா பக்கம் போனால் பழைய வளைவுகள் தெருமட்டத்துக்குக் கீழே கிடப்பதை மேலிருந்தே பார்க்கலாம்.

அந்தச் சுற்றுவட்டாரத்துச் சந்துகளில்தான் அக்காவுக்கு ஒரு சுவாரசியம் பிடித்துக்கொண்டது. வீட்டு மூலைகளில், ஆள் உயரத்துக்கு மேலே, சின்னச் சின்ன பளிங்குக் கல்வெட்டுகள் இருக்கும். ஏதோ புனிதர் பெயர் என்று நினைத்து நாமெல்லாம் கடந்து போய்விடுவோம். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தால், 'இங்கே குப்பை கொட்டாதே, கொட்டினால் இத்தனை ஸ்கூதி அபராதம்' என்று தெருக்களுக்குப் பொறுப்பான அதிகாரியின் ஆணை! பதினெட்டாம் நூற்றாண்டில் வைத்தவை, தேதிகூடப் பொறித்திருக்கிறது. அதற்கப்புறம் அக்கா கால் வலியை மறந்து மூலைக்கு மூலை தேட ஆரம்பித்துவிட்டாள். கூடவே ரோமன் எண்களையும் கற்றுக்கொண்டோம். எம் என்றால் ஆயிரம், டி என்றால் ஐந்நூறு, சி நூறு, எல் ஐம்பது, எக்ஸ் பத்து. இந்த ஐந்தும் மனதில் இருந்தால் லத்தீன் தெரியாவிட்டாலும் எந்தக் கல் எந்தக் காலத்தது என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம்.

இரண்டாம் நாள் பாந்தியன் என்கிற பழைய ரோமானியக் கோயில் பக்கம். அதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், பார்க்காமல் வராதீர்கள், அது போதும். நான் சொல்ல வந்தது அதற்குப் பின்னால் இருக்கும் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா தேவாலயத்தின் வெளிச்சுவரை. எதிரே பெர்னினி வடிவமைத்த குட்டி யானை முதுகில் தூணோடு நிற்கிறது. அதைப் பார்க்கத்தான் போனோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா தோளைத் தட்டினாள். "அங்க பாருடி, சுவத்துல ஒரு கை எதையோ காட்டுது."

முகப்பின் வலது பக்கத்தில் மேலும் கீழுமாகப் பல கற்கள். டைபர் ஆறு பெருகி வந்தபோது தண்ணீர் எதுவரை ஏறியது என்பதற்கு வைத்த அடையாளங்கள். 1422, 1495, 1530, 1557, 1598, 1870. விரல் நீட்டிய கை, அதை ஒட்டி ஒரு கோடு, ஆண்டு, இது போதாதா? எந்த மொழிக்காரருக்கும் புரியும். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது 1598, கிறிஸ்துமஸை ஒட்டி வந்த வெள்ளம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது, நாங்கள் நிற்கும் இடத்தில் தலைக்கு மேலே அவ்வளவு தண்ணீர் நின்றிருக்கிறது என்பது உடம்பில் உறைத்தது. ஆற்றங்கரை அங்கிருந்து கண்ணுக்கே தெரியாது. 1870 டிசம்பரில் வந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் இனிப் பொறுக்க முடியாது என்று 1876 முதல் ஆற்றின் இரு கரையிலும் உயரமான மதில்களை எழுப்பினார்கள். இன்று டைபர் எங்கோ பள்ளத்தில் சத்தமில்லாமல் போவதற்கு அதுதான் காரணம். ஆற்றங்கரை ஊராக இருந்தும் தெருவில் நடப்பவருக்கு ஆறு இருப்பதே தெரியவில்லையே என்று முதல் நாளிலிருந்து எனக்கு ஒரு யோசனை இருந்தது, அந்தக் கல்லுக்குக் கீழே நின்றபோதுதான் விளங்கியது. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். எந்தக் குழு நம்மை அப்படி நிற்க விடும்?

சரி, நடக்கப் போகிறவர்களுக்குச் சில விஷயம். தெருவெல்லாம் சான்பியெத்ரீனி என்கிற கருங்கல் பாவியது, இடுக்குகளில் குதிகால் மாட்டும், அதனால் தடித்த அடிப்பகுதி உள்ள ஷூ இல்லாமல் போகாதீர்கள். தண்ணீருக்குக் கவலையே வேண்டாம், 1874 முதல் வைத்துவரும் இரும்புக் குழாய்கள் தெருவுக்குத் தெரு ஓடிக்கொண்டே இருக்கின்றன, வளைந்த மூக்கு மாதிரி இருப்பதால் நசோனே என்று பெயர். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், குனியாமலே குடிக்கலாம். தேவாலயங்கள் பல மதியம் மூடிவிடும், அதனால் உள்ளே போக நினைப்பவை காலையில்.

மூன்றாம் நாள் கியாவாரி தெரு வழியாக வந்தோம். பூட்டுத் தொழிலாளர்களின் தெரு என்று அர்த்தம். பக்கத்திலேயே பெட்டி செய்தவர்கள் தெரு, மேலங்கி தைத்தவர்கள் தெரு. அங்கே க்ரோத்தா பிந்தா என்கிற ஒடுக்கமான தெருவில் வீடுகளின் வரிசையே வில்லாக வளைகிறது. கி.மு. 55இல் ரோமானியத் தளபதி பாம்ப்பி கட்டிய கல் நாடக அரங்கின் வளைவு அது. அரங்கம் போய்விட்டது, வளைவு போகவில்லை.

அப்புறம் தெற்கே, யூதர்களை 1555 முதல் அடைத்து வைத்திருந்த கெட்டோ பகுதி. ஒக்டேவியா மண்டபம் அங்கே இடிந்து நிற்கிறது, பேரரசன் அகஸ்டஸ் தன் அக்கா பெயரில் கட்டியது என்றதும் இவளுக்கு ஒரே பெருமை. அதில் ஒரு கல்: இந்தக் கல்லைவிட நீளமான மீனின் தலையை, முதல் துடுப்பு வரை வெட்டி, நகர அதிகாரிகளிடம் கொடுக்கவேண்டும் என்று. இடைக்காலத்தில் மீன்சந்தை அங்கேதான். அங்கிருந்து நாலு எட்டு வைத்தால் வாசற்படிகளுக்கு முன்னால் தரையில் பித்தளைக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன நாள். 1943 அக்டோபர் 16 அன்று நாஜிகள் ரோமில் பிடித்து ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பிய யூதர்கள் ஆயிரத்துக்கும் மேல், திரும்பி வந்தவர்கள் 16 பேர். ஒரே வாசலில் ஒரே குடும்பப் பெயர் மூன்று நான்கு கற்களில் வரும்போது அதற்கு மேல் நடக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

மெதுவாக ஆற்றுக்கு வந்து, கி.மு. 62இல் கட்டி இன்றும் ஆட்கள் நடக்கிற ஃபாப்ரீச்சியோ பாலத்தைத் தாண்டி டைபர் தீவுக்குப் போய் உட்கார்ந்தோம். தீவுக்குக் கீழே ஆற்றின் நடுவில் ஒற்றை வளைவு மட்டும் இரு கரையையும் தொடாமல் நிற்கிறது. பெயரே போந்தே ரோத்தோ, உடைந்த பாலம். வரைபடத்தில் தட்டிப் படித்துக் காட்டினேன், கிழக்குப் பாதி 1598 வெள்ளத்தில் போனது என்று.

"மினெர்வாவுல மேலே இருந்துச்சே, அந்த வெள்ளமா?"

"அதேதான்க்கா."

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது, சாயங்காலம் விமானம், பெட்டிகூடக் கட்டவில்லை. அக்கா எழுந்து காலை உதறிக்கொண்டாள். அந்தக் கல்லை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த வழியே திரும்பி நடந்தோம்.