மைனருக்குள் மெத்தை

அப்பாவின் மொரிஸ் மைனர் காரில் நிலாவெளி வரை போய்வந்தால் காதில் இரைச்சலும் காலில் சூடும்தான் மிச்சம். இந்தக் கிழமை சீட்டுகளைக் கழற்றி விரிப்பைத் தூக்கினால், அடியில் சணல் மெத்தை ஈரம் குடித்துக் கிடக்கிறது. அதற்குக் கீழே துரு. திருகோணமலை உப்புக்காற்றுக்குச் சொல்லவா வேண்டும்! சுரண்டிப் பெயின்ற் அடிக்கவே 3 நாள் போனது.

அப்புறம்தான் இரைச்சலைக் குறைக்கப் பியூட்டைல் என்ற செயற்கை றபர் ஷீற். தார் ஷீற் மலிவு, ஆனால் நம் வெயிலில் இளகி நாறும். றபர் தகரத்தின் அதிர்வைத்தான் அடக்கும். சூட்டுக்கு அதன்மேல் தண்ணீர் குடிக்காத ஃபோம் தனியாக வேண்டும். எஞ்சின் பக்கத் தகரத்திலும் கியர்பொக்ஸ் மேட்டிலும் தாராளமாக ஒட்டினேன். கூரை இன்னும் பாக்கி.

கதவுக்குள்ளும் ஒரு துண்டு. இப்போது சாத்தினால் 'டங்' இல்லை, 'டொப்'. அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. அந்த 'டங்' கேட்டுத்தான் அப்பாவுக்குத் தேத்தண்ணி வைப்பாராம்.