நேற்று வந்திருக்கிறது: தப்பு எங்கிருந்து வருகிறது?

ஆங்கிலம் படிப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற சந்தேகம் இது: "ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே" ஏன் தப்பு? பதில் ஒரு வரிதான். நேற்று, போன வாரம், 2019 என்று முடிந்துபோன காலத்தைச் சொல்லிவிட்டால் ஹேவ், ஹேஸ் வராது, "ஹி கேம் யெஸ்டர்டே" என்றே சொல்ல வேண்டும். பல வருடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர் சரி என்பார், அடுத்த வாரம் அதே தப்போடு வருவார். விதி அவருக்குத் தெரியும், ஆனால் தமிழ் அவரை வேறு பக்கம் இழுக்கிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது.

"அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன்" என்கிறோம். எப்போது பார்த்தோம் என்பது அங்கே பேச்சே இல்லை, பார்த்த அனுபவம் இப்போது கையில் இருக்கிறது, அவ்வளவுதான். "ஐ ஹேவ் சீன் தட் ஃபிலிம்" அச்சு அசல் இதேதான். இப்போது "நேற்று பார்த்திருக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், காதில் இடிக்கும். "நேற்று பார்த்தேன்" என்றுதான் வாய் போகும். ஆக, பாதி விதி நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

மீதிப் பாதியில்தான் சிக்கல். வெளியூர் போய்த் திரும்புகிறீர்கள், வாசலில் ஒரு பார்சல் கிடக்கிறது, மேலே ஒட்டியிருக்கும் தேதியைப் பார்த்துவிட்டு "நேற்றே வந்திருக்கிறது" என்கிறீர்கள். வந்ததை நீங்கள் கண்ணால் பார்க்கவில்லை, தடயத்தை வைத்துச் சொல்கிறீர்கள், இந்த "இருக்கிறது" தமிழில் அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கிறது. ஆங்கில ஹேஸுக்கு அந்த வேலை கிடையாது. அங்கே "இட் கேம் யெஸ்டர்டே". ஊகம் என்று காட்டியே தீர வேண்டுமென்றால் "இட் மஸ்ட் ஹேவ் கம் யெஸ்டர்டே". (மஸ்டுக்குப் பின்னால் வரும் ஹேவ் வேறு கதை, அதோடு யெஸ்டர்டே தாராளமாக வரலாம்.) இதைச் சொன்ன பிறகு பலருக்கு அந்தத் தப்பு நின்றுவிட்டது. எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

சின்ஸ், ஃபார் குழப்பத்துக்கும் தமிழே கை கொடுக்கும். "திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல்", இங்கே "இலிருந்து" வருகிறது, அதனால் சின்ஸ். "மூன்று நாளாகக் காய்ச்சல்", இங்கே "ஆக" வருகிறது, அதனால் ஃபார். ஆனால் வினையில் கவனம் வேண்டும். "இரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால்தான் "ஐ ஆம் லிவிங் ஹியர்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அது "ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்".

"டிஸ்கஸ் அபவுட்" வேண்டாம், "பற்றி" டிஸ்கஸுக்குள்ளேயே இருக்கிறது. எ, ஆன் விஷயத்தில் எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேளுங்கள்: ஆன் அவர் (ஒரு மணி நேரம்), எ யுனிவர்சிட்டி.

அப்புறம் "நீங்கள் வீட்டில் எத்தனையாவது பிள்ளை?" இதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "எத்தனையாவது" என்பதற்கு அங்கே புழக்கத்தில் ஒரே சொல் இல்லை. சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டுக் கேள்வியை மாற்றுங்கள்: "ஹவ் மெனி எல்டர் பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ் டூ யூ ஹேவ்?" வருகிற பதிலோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.