மேல் தளத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம்

எங்கள் முதல் கப்பல் பயணத்தின் இரண்டாம் நாள். விடிகாலை ஐந்து மணிக்கு அம்மா என் தோளைத் தட்டி எழுப்பினார்.

"மேலே யாரோ வீடு காலி செய்கிறார்கள் போலிருக்கிறது."

படுத்தபடியே காது கொடுத்தேன். கரகரவென்று எதையோ இழுக்கும் சத்தம். நின்றது. இரண்டடி தள்ளி மறுபடியும் கரகர. மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்த என் கணவர் விஷயத்தைச் சொன்னார். எங்கள் தலைக்கு நேர் மேலே நீச்சல் குளத் தளம். இரவெல்லாம் தரையைக் கழுவிவிட்டு, சாய்வு நாற்காலிகளைப் பழையபடி வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சில நூறு நாற்காலிகள். மிச்சமிருந்த எல்லா விடியல்களும் எங்களுக்கு அப்படித்தான் விடிந்தன.

அந்தக் கேபினை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கப்பல்காரர்கள் 'கேரண்டி' என்று ஒரு வகை டிக்கெட் விற்பார்கள். ஜன்னல் இல்லாத உள் அறையா, கடல் தெரியும் அறையா, பால்கனி அறையா என்பதை மட்டும் நீங்கள் சொல்லலாம். எந்த எண், எந்தத் தளம் என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அதனால் விலை குறைவு. நான் கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவள். விலை குறைவு என்று எழுதியிருந்தால் கை தானாக அந்தப் பக்கம் நீண்டுவிடும். நீண்டது, அனுபவித்தேன்.

அதற்குப் பிறகு நான்கு முறை கப்பல் ஏறிவிட்டேன். உறவினர்களில் யார் கேட்டாலும், சலுகைகளைப் பார்ப்பதற்கு முன் தள வரைபடத்தைத் திறக்கத்தான் சொல்கிறேன். எல்லா நிறுவனங்களும் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் கேபின் இருக்கும் தளத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதே இடத்தில் மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் என்ன இருக்கிறது என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். மேலும் கேபின், கீழும் கேபின் என்றால் நிம்மதி. மேலே நீச்சல் குளமோ பஃபே கூடமோ, கீழே நாடக அரங்கமோ நடன விடுதியோ இருந்தால் வேறு எண் பாருங்கள். வரைபடத்தில் எந்தப் பெயரும் இல்லாமல் வெறுமையாகக் கிடக்கும் பகுதியை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது சமையலறையாகவோ பணியாளர்கள் தள்ளுவண்டி உருட்டும் இடமாகவோ இருக்கும். கப்பலின் முன் மூக்குப் பக்கம் கீழே அறை எடுத்தால், துறைமுகத்தை நெருங்கும்போது கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் உந்திகளின் அதிர்வே அலாரம். பக்கத்து அறைக்கு உள்கதவு வைத்த கேபின்களும் உண்டு. அடுத்த அறைக்காரர் தும்மினால் நீங்கள் ஆசீர்வாதம் சொல்லலாம்.

வயிறு புரட்டும் என்று பயப்படுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் எடுக்க வேண்டும். ஏற்ற இறக்கப் பலகையின் நடுவில் உட்கார்ந்த குழந்தைக்கு ஆட்டம் குறைவுதானே. உயரத்தில், நுனியில் இருக்கும் விலையுயர்ந்த பால்கனி அறைதான் அதிகம் ஆடும். அம்மாவுக்காக நான் எப்போதும் நடுவில் கீழே எடுக்கிறேன். உயிர்காப்புப் படகு ஜன்னலைப் பாதி மறைக்கும் அறை ஒன்று மலிவாகக் கிடைத்தது. வெளிச்சம் வருகிறது, மேலே பாதி வானம் தெரிகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார்.

கப்பலைத் தேர்ந்தெடுக்க நான் ஒரு வகுத்தல் கணக்குப் போடுவேன். கப்பலின் 'கிராஸ் டன்' என்பது எடை அல்ல. உள்ளே அடைபட்ட இடத்தின் அளவு. அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்று தெரியும். 2004-இல் ஓடத் தொடங்கிய 'குயின் மேரி 2' கப்பல் 1,49,215 டன். அறைக்கு இருவர் என்ற கணக்கில் 2,691 பேர். வகுத்தால் 55. 2024-இல் வந்த ஐகான் ஆஃப் த சீஸ் 2,48,663 டன். இருவர் கணக்கில் 5,610 பேர். வகுத்தால் 44. ஆனால் அதே கப்பலில் மூன்றாவது, நான்காவது படுக்கைகளும் நிரம்பினால் ஏறத்தாழ 7,600 பேர் ஏறலாம். அப்போது 33-க்கு இறங்கிவிடுகிறது. பள்ளி விடுமுறையில் லிஃப்ட் வாசலில் ஏன் அவ்வளவு கூட்டம் என்பதற்கு அந்த 44-க்கும் 33-க்கும் இடையிலான வித்தியாசமே பதில். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு வேறு வழியில்லை. மற்றவர்கள் தேதியை மாற்றலாம்.

முன்பதிவு விஷயத்தில் என் வழக்கம் இது. திரும்பக் கிடைக்கும் முன்பணம் கட்டிச் சீக்கிரமே பதிவு செய்வேன். முழுத் தொகையையும் கட்ட வேண்டிய கடைசித் தேதி பெரும்பாலும் புறப்படுவதற்கு இரண்டு, மூன்று மாதங்கள் முன்னால் வரும். அதுவரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை விலையைப் பார்ப்பேன். குறைந்திருந்தால் பல நிறுவனங்கள் புது விலைக்கு மாற்றித் தருவார்கள், ஆனால் கேட்டால்தான். தானாக முன்வந்து குறைக்கிற நிறுவனத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை. அந்தத் தேதி தாண்டிவிட்டால் ரத்து செய்தாலும் பிடித்தம், குறைத்துக் கேட்டாலும் கைவிரிப்பு.

இங்கே ஒரு குழி இருக்கிறது. ஒருமுறை விலை குறைந்ததும் பரபரப்பாக முகவரை அழைத்துவிட்டேன். அவர் மாற்றுவதற்குக் கை வைக்கும் நேரத்தில் கணவர் பின்னாலிருந்து, "பழைய பதிவில் டிப்ஸும் இணைய இணைப்பும் சேர்ந்திருந்தனவே, புதியதில் இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. குறைந்த தொகையைவிடப் பறிபோகவிருந்தது அதிகம். தணிக்கை எனக்குத் தொழில், அவருக்கு இயல்பு.

சலுகை மழை பொழியும் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. அதற்கு 'வேவ் சீசன்' என்றே பெயர். உண்மையான மலிவு வேண்டும் என்றால் இடம் மாறும் கப்பல்களைப் பாருங்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கரீபியனுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையே கப்பல்கள் இடம்பெயரும். ஒருவழிப் பயணம், கரை தெரியாத நாட்கள் அதிகம். திரும்பி வரும் விமானச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று சொல்லுங்கள். தனியாகப் போகிறவர்கள் பொதுவாக இரண்டு பேர் கட்டணத்துக்குப் பக்கத்தில் கொடுக்க நேரும். 2010-இல் நார்வீஜியன் எபிக் கப்பல் தனிநபர்களுக்காகவே 128 சிறு அறைகளோடு வந்த பிறகு வேறு சில நிறுவனங்களும் அப்படி அறைகள் வைத்திருக்கிறார்கள். அவை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இனி 'இலவசம்' என்ற சொல்லுக்கு வருகிறேன்.

பானத் தொகுப்பு என்று ஒன்றை விற்பார்கள். நாளுக்கு இவ்வளவு, வேண்டிய மட்டும் குடிக்கலாம். துறைமுகத்தில் இறங்கிக் காலை முதல் மாலை வரை வெளியே சுற்றும் நாளுக்கும் அதே கட்டணம் உண்டு. பல நிறுவனங்களில், ஒரு கேபினில் ஒருவர் மதுத் தொகுப்பு வாங்கினால் மற்ற பெரியவர்களும் வாங்க வேண்டும் என்பது விதி. அம்மா கப்பலில் குடித்தது வெந்நீர் மட்டும். அதுவும் பஃபேயில், தானே பிடித்துக்கொண்டு.

'ஆன்போர்டு கிரெடிட்' பயனுள்ள சலுகை. கப்பலுக்குள் உங்கள் கணக்கில் முன்கூட்டியே போடப்படும் தொகை அது. இரண்டு வகை உண்டு. ஒன்று, செலவாகாத மிச்சத்தைத் திருப்பித் தருவது. மற்றது, கடைசி இரவோடு ஆவியாகிவிடுவது. பதிவுத் தாளில் எது என்று எழுதியிருக்கும், பொடி எழுத்தில். இரண்டாவது வகையை முதல் நாளே டிப்ஸுக்கோ சலவைக்கோ ஈடுகட்ட முடியுமா என்று வரவேற்பு மேசையில் கேட்டுவிடுவேன். கேட்காமல் விட்டவர்களைக் கடைசி இரவு கப்பல் கடையில் பார்க்கலாம். வேண்டாத கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முகவர்கள் தங்கள் கமிஷனிலிருந்து கொஞ்சம் கிரெடிட் தருவதும் உண்டு. கார்னிவல், ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்கள் தங்கள் பங்குகளில் குறைந்தது 100 வைத்திருப்பவர்களுக்குக் கிரெடிட் தருகின்றன, விண்ணப்பிக்க வேண்டும். அதற்காகவே பங்கு வாங்குவது மோருக்காக மாடு வாங்கிக் கட்டிய கதை. ஏற்கெனவே வைத்திருந்தால் விடாதீர்கள்.

திரும்பத் திரும்ப ஒரே நிறுவனத்தில் போனால் உங்கள் உறுப்பினர் தரத்தைப் படிப்படியாக உயர்த்துவார்கள். கையில் கொடுக்கும் பையும் தொப்பியும் எனக்குப் பொருட்டில்லை. எனக்குப் பிடித்தது இரண்டு: இலவசச் சலவை, கரைக்குப் போகும் படகில் முன்னுரிமை.

அந்தப் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில ஊர்களில் பெரிய கப்பல் கரையை ஒட்ட முடியாது. கடலில் நங்கூரமிட்டு நின்று, சிறு படகுகளில் பயணிகளை இறக்குவார்கள். 'டெண்டர்' என்பார்கள். முதல் பயணத்தில் இது தெரியாமல் அம்மாவைக் கைத்தடியோடு படகு வாசல் வரை கூட்டிச் சென்றேன். கப்பல் அசையாமல் நிற்கிறது. படகு ஒரு படி ஏறுகிறது, இரண்டு படி இறங்குகிறது. ஏறும் கணத்தில் கால் வைக்க வேண்டும். இரண்டு பணியாளர்கள் முழங்கையைப் பிடிக்கக் கை நீட்டினார்கள். அம்மா படகைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்கள் போய் வாருங்கள். நான் கப்பலைப் பார்த்துக்கொள்கிறேன்."

மாலையில் திரும்பியபோது அந்த நீச்சல் குளத் தளத்தில், எங்களைத் தினமும் எழுப்பிய அதே நாற்காலிகளில் ஒன்றில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆளே இல்லை. நாங்கள் வெயிலில் வரிசையில் நின்று கறுத்திருந்தோம். அன்று முதல், ஒரு துறைமுக நாளாவது இறங்காமல் கப்பலிலேயே இருப்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. மசாஜ் போன்றவற்றுக்கும் அன்றுதான் விலை குறைப்பார்கள். ஆனால் முதியவர்களோ சக்கர நாற்காலியில் இருப்பவர்களோ உங்களோடு வந்தால், பயணத் திட்டத்தில் எந்த ஊருக்கு டெண்டர் என்று பதிவுக்கு முன்பே பாருங்கள். கடல் கொந்தளித்தால் அவர்களை ஏற்ற மறுத்துவிடுவார்கள். மறுப்பது சரியும்கூட.

கரையில் சுற்ற, கப்பலே ஏற்பாடு செய்யும் சுற்றுலா விலை கூடுதல்தான். அது தாமதமானால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. துறைமுகத்துக்கு அருகிலேயே சுற்றுவதென்றால் தனியாகப் போகிறேன், தூரமென்றால் கப்பலோடு. கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்திலேயே வையுங்கள். கைபேசி உள்ளூர் நேரத்துக்குத் தானே மாறிக்கொள்ளும், அதை நம்பி ஓடியவர்களை மேல் தளத்திலிருந்து பார்த்திருக்கிறேன். புறப்படும் ஊருக்கும் முந்தின நாளே போய்விடுவது நல்லது. கடலில் கைபேசியை 'ஃபிளைட் மோடில்' வைக்காவிட்டால் செயற்கைக்கோள் வழியே கட்டணம் ஏறும்.

பெட்டியில் ஒரு சங்கதி. மின்னழுத்தப் பாதுகாப்பு உள்ள நீட்டிப்புப் பலகையைப் பறித்து வைத்துக்கொள்வார்கள். கப்பலின் மின்னமைப்பில் அது தீ ஆபத்து. என்னுடையதும் போய், கடைசி நாள் திரும்பியது. அதற்குப் பதில் காந்தக் கொக்கிகள் கொண்டுபோங்கள். கேபின் சுவர்கள் பெரும்பாலும் எஃகு, துண்டும் தொப்பியும் ஈரத் துணியும் சுவரிலேயே தொங்கும். மருந்து, நீச்சல் உடை, ஆவணங்கள் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி அறைக்கு வர மாலையாகிவிடலாம். மருத்துவ அறை உண்டு, ஆனால் கட்டணம் கண்ணைக் கட்டும். காப்பீட்டில் கடலிலிருந்து கரைக்குத் தூக்கிச் செல்லும் செலவும் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரும் நோரோ வைரசுக்குக் கைக்கான கிருமிநாசினித் தெளிப்பான் அதிகம் பயன்படாது, சோப்பும் தண்ணீரும்தான்.

அபாயகாலப் பயிற்சியைத் தவிர்க்கப் பார்ப்பவர்கள் எனக்குப் பிடிக்காது. 2012 ஜனவரி 13-ஆம் தேதி கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதியபோது, அன்று ஏறியிருந்த பலருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், புறப்படும் முன்பே அல்லது புறப்பட்ட உடனேயே நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. இருபது நிமிடம். போய் நில்லுங்கள்.

கடைசி இரவு. பெட்டிகளைக் கட்டி வாசலில் வைத்துவிட வேண்டும். இரவோடு இரவாக எடுத்துப் போய்விடுவார்கள். என் கணவர் மிகவும் ஒழுங்கானவர். எல்லாவற்றையும் மடித்து, அடுக்கி, பூட்டி, சீட்டுக் கட்டி, பதினோரு மணிக்கு வைத்துவிட்டுப் படுத்தார். காலையில்தான் தெரிந்தது, அவருடைய கால்சட்டைகள் எல்லாம் கரைக்குப் போய்விட்டன என்று. கோடு போட்ட இரவு உடையில், மிகுந்த கம்பீரத்தோடு, கடவுச்சீட்டு அதிகாரி முன்னால் நின்றார். அதிகாரி முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவர் எத்தனையோ பார்த்திருப்பார்.

அதே இரவு நான் செய்வது வேறு. படுப்பதற்கு முன் தொலைக்காட்சியிலோ கைபேசிச் செயலியிலோ எங்கள் கணக்கை வரிவரியாகப் பார்ப்பேன். டிப்ஸ் தலைக்கு, நாளுக்கு என்று தானாக ஏறியிருக்கும். முன்பே கட்டியிருந்தால் இரட்டிப்பாகியிருக்கிறதா என்று பார்ப்பேன். சென்ற முறை, நாங்கள் எடுக்காத இரண்டு தண்ணீர் பாட்டில்கள் கணக்கில் இருந்தன. இரவு பத்து மணிக்கு வரவேற்பு மேசையில் யாரும் இல்லை, இரண்டு நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். காலை ஏழு மணிக்கு அதே மேசை முன்னால் நின்ற வரிசை படிக்கட்டு வரை போயிருந்தது. அதில் எத்தனை பேர் தண்ணீர் பாட்டிலுக்காக நின்றார்கள் என்று எண்ண எனக்கு ஆசைதான். அம்மா பசிக்கிறது என்றார், பஃபேக்குப் போய்விட்டோம்.