கட்டைவிரலின் அடியில் ஒரு வலி
பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள எங்கள் வீட்டில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தபோதுதான், வலக் கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய இடத்தில், சுருக்கென்ற வலி முதலில் தெரிந்தது. அங்கே குதிரைச் சேணம்போல வளைந்த இரண்டு எலும்புகள் பொருந்தியிருக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள குருத்தெலும்பு தேயத் தேய, சாவியைத் திருகுவதும் ஊறுகாய்ப் புட்டியைத் திறப்பதும்கூடக் கடினமாகிவிடுகின்றன. நாற்பதைக் கடந்த பெண்களிடம் இது மிகுதி. விரல் நுனியால் 1 கிலோ விசையுடன் கிள்ளினால் அந்த மூட்டின்மேல் ஏறத்தாழ 12 கிலோ அழுத்தம் விழுகிறது என்று அறிந்தபோது, தைலத்தை மட்டும் நம்பி ஓராண்டைக் கழித்ததற்காக உண்மையிலேயே வருந்தினேன். தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளராது; ஆனால் வலியைத் தணிக்கலாம். இப்போது கட்டைவிரலைத் தாங்கும் பட்டையை அணிந்தே சமைக்கிறேன்; கரண்டிக் காம்புகளில் துணி சுற்றித் தடிமனாக்கியிருக்கிறேன்; வலி கூடும் நாள்களில் மருத்துவர் சொன்ன டைக்ளோஃபெனாக் களிம்பைத் தடவுகிறேன். இடியாப்ப உரலை என் மகன் பிழிகிறான்.