கூடத்து மூலையில் ஒரு பாம்புச் செடி

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகை மாதத்தில், எங்கள் சென்னை வீட்டின் கூடத்தில் நின்ற பாம்புச் செடியின் (ஸ்நேக் பிளான்ட்) தூசியைத் துடைக்கப் போனபோது, அதன் இலை ஒன்று அடியோடு கழன்று என் கையில் வந்தது. மேற்பகுதி பச்சையாகவும் விறைப்பாகவும் இருந்தது. மண்ணுக்குள் இருந்த அடிப்பகுதி மட்டும் பழுப்பாகிக் கூழாகி நாறியது. எதுவும் செய்யாமலேயே வளரும் செடி என்று பலரும் சொல்லக் கேட்டு வாங்கிய செடி அது. அதைக் கொன்றது நானேதான் என்று புரிந்தபோது உண்மையாகவே மனம் வருந்தினேன்.

தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்ததும் காரணம் விளங்கியது. நாற்றுப்பண்ணையிலிருந்து வந்த மெல்லிய பிளாஸ்டிக் தொட்டியை, அழகுக்காக வாங்கிய துளையில்லாத பீங்கான் தொட்டிக்குள் அப்படியே இறக்கி வைத்திருந்தேன். வாரம் ஒரு டம்ளர் தண்ணீர் போதும் என்று விற்றவர் சொன்னதை, சித்திரை வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் ஒரு ஞாயிறும் தவறாமல் செய்துவந்தேன். வடிந்த நீர் பீங்கான் தொட்டியின் அடியில் தேங்கி நின்றது. செடி ஊன்றியிருந்ததோ முழுக்கத் தென்னைநார்க் கழிவில். மேலே ஒரு விரல் ஆழம் காய்ந்து தெரிந்தாலும், உள்ளே எடுத்துப் பிழிந்தால் நீர் சொட்டியது. இதில் பண்ணைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. நிழல்வலைக்குக் கீழே காற்றோட்டமான இடத்தில் அந்தக் கலவை விரைவில் காய்ந்துவிடும், வண்டியில் ஏற்றவும் கனமிராது. அதே கலவை வீட்டுக்குள் வந்ததும் ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்பதே சிக்கல்.

இந்தச் செடியின் பிறப்பிடம் மேற்கு ஆப்பிரிக்கா. நெடுங்காலம் சான்சிவீரியா என்ற பேரினத்தில் இருந்த இதை, மரபணு ஒப்பீடுகளைக் கொண்டு 2017இல் டிரசீனா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். நம் ஊர்ப் பாறைச் சரிவுகளிலும் முள்காடுகளிலும் இதன் நெருங்கிய உறவான மருள் தானாகவே வளர்கிறது. அதன் நாரைத் திரித்துக் கயிறாக்கினார்கள், வில்லுக்கு நாணாக்கினார்கள். மழை பொய்த்த காட்டில் மரையா என்னும் காட்டு விலங்கு, மரல் என்று அங்கே சொல்லப்படும் இந்த மருளைத் தின்னும் காட்சி கலித்தொகையின் பாலைப் பாட்டொன்றில் வருகிறது. எல்லாம் வறண்ட பிறகும் நீர் எஞ்சியிருக்கும் இடம் அந்த இலை என்பதால், அக்காட்சி எனக்குச் செடி வளர்ப்புப் பாடமாகவே படுகிறது. இலைத்துளைகளைப் பகலில் மூடி வைத்து, இரவின் குளிர்ச்சியில் மட்டும் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைக் கொண்டு உணவு சமைக்கும் செடி இது. இப்படிச் சிக்கனமாக வாழும் செடிக்கு, அது கேட்காத தண்ணீர்தான் நஞ்சு.

ஆகவே இப்போது நான் நாள் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி, சில நிமிடம் விட்டு உருவிப் பார்க்கிறேன்; குச்சியில் ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. எங்கள் கூடத்தில் பங்குனி முதல் வைகாசி வரை ஏறத்தாழ இரு வாரத்துக்கு ஒரு முறை தேவைப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில், காற்றே ஈரமாக இருப்பதால், ஒரு மாதத்துக்கு மேலும் தேவைப்படாமல் போகிறது. ஆனால் ஊற்றும்போது டம்ளர் கணக்கில் சிக்கனம் பார்ப்பதில்லை. அடித்துளை வழியாக வழிந்தோடும்வரை ஊற்றி, முழுதும் வடியவிட்டு, தட்டில் நிற்பதைக் கொட்டிவிடுகிறேன். இலைகள் கூடும் நடுக்குழியில் மட்டும் தண்ணீர் விழக்கூடாது. அங்கே தேங்கினால் குருத்து அழுகும். தாகமெடுத்த செடியின் இலை நெடுக்குவாட்டில் சுருங்கி மெலியும், அது தண்ணீர் கண்டதும் தேறிவிடும். அடியில் மஞ்சளாகி மெத்தென்று ஆன இலை தேறாது. இரண்டும் வாட்டம்தான் என்றெண்ணி மேலும் தண்ணீர் ஊற்றுபவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதைக்கிறது.

மண் கலவையில் செம்மண் இரண்டு பங்கு, மாவுத்தூள் போகச் சலித்த எம் சாண்ட் இரண்டு பங்கு, செங்கல் சில்லு ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு சேர்க்கிறேன். துளையுள்ள சுட்ட மண் தொட்டியே இதற்கு ஏற்றது, ஏனெனில் அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். பெரிய தொட்டியில் நட்டால் வேர் எட்டாத மண்ணில் ஈரம் தங்கிவிடும். வேர்க்கட்டைவிட இரண்டு அங்குலம் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். உரத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை: கோடையில் ஒரு கைப்பிடி மண்புழு உரம் இடுகிறேன்.

இருட்டிலும் வளரும் என்பது பாதி உண்மை. சேமிப்பைத் தின்றுகொண்டு பல மாதம் அப்படியே நிற்கும், நிற்பது வளர்வதாகாது. வெளிச்சம் குறையக் குறைய நீர் குடிப்பதும் குறைவதால், இருண்ட மூலையில் வைத்த செடியே முதலில் அழுகுகிறது. என் செடி கிழக்கு ஜன்னலிலிருந்து நான்கடி தள்ளி நிற்கிறது. அதைத் திடீரென்று மொட்டைமாடி உச்சி வெயிலில் வைத்தால் இலை வெந்து வெளுத்துவிடும்.

அறைக் காற்றைத் தூய்மைப்படுத்தும் என்று சொல்லி விற்கிறார்கள். நாசா 1989இல் வெளியிட்ட ஆய்வு, காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள் நடத்தப்பட்டது. அத்தகைய சோதனைகளை 2019இல் தொகுத்து ஆராய்ந்தவர்கள், ஜன்னல் வழியாக இயல்பாக வந்துபோகும் காற்று செய்வதைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடிகளாவது வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அழகுக்காக வளர்ப்போம், ஜன்னலையும் திறந்து வைப்போம். இலையில் சபோனின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால், பூனையோ நாயோ கடித்தால் வாந்தி எடுக்கும் என்பதையும் விற்பவர்கள் சொல்லிவிட்டால் நல்லது. மாவுப்பூச்சி இலையிடுக்கில் ஒளிந்திருக்கும்; சோப்பு நீரில் சில சொட்டு வேப்பெண்ணெய் கலந்து, பஞ்சால் துடைத்தெடுத்தால் அடங்கிவிடுகிறது.

அழுகிய அந்தச் செடியில், நல்ல நிலையில் எஞ்சியது கிழங்கின் ஒரு துண்டும் இரண்டு இலைகளும். அழுகலை வெட்டியெறிந்து, வெட்டு வாய் காயும்படி மூன்று நாள் நிழலில் போட்டு, பிறகு கலவையில் ஊன்றினேன். இலைகளைத் துண்டாக்கியபோது எது அடி, எது நுனி என்று பேனாவால் குறித்துக்கொண்டேன், தலைகீழாக ஊன்றினால் வேர் விடாது. கிழங்கிலிருந்து எழுந்த கன்றுக்குத் தாய்ச்செடியைப் போலவே இலையோரம் மஞ்சள் கரை இருந்தது. இலைத் துண்டுகளிலிருந்து, பல மாதம் கழித்து வந்த கன்றுகளுக்கோ கரையே இல்லை. மஞ்சள் விளிம்பும் பச்சை நடுப்பகுதியும் வெவ்வேறு மரபு கொண்ட திசுக்கள் என்பதால், துண்டிலிருந்து புதுக் கன்று உருவாகும்போது அந்த அடுக்கு கலைந்துபோய்ப் பச்சை மட்டும் எஞ்சுகிறது. கரையுள்ள செடியே வேண்டுமானால் கிழங்கைத்தான் பிரிக்க வேண்டும்.

இரண்டு தொட்டிகளும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கரையுள்ள செடியின் கிழங்கு பருத்து, தொட்டியின் ஒரு பக்கம் விரிசல் விட்டிருக்கிறது. மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் அதைப் பிரித்து, ஒரு பகுதியை எதிர்வீட்டு அக்காவுக்கு, துளையுள்ள மண் தொட்டியிலேயே நட்டுக் கொடுக்கப் போகிறேன்.