லத்தீனில் முடியைச் சொல்லும் வகைகள்

கப்பில்லுஸ், பிலுஸ், கோமா, கிரீனிஸ், கைசரியேஸ். லத்தீன் அகராதியில் இவற்றில் எதைப் பார்த்தாலும் ‘முடி’ என்றுதான் போட்டிருக்கும். அதை மட்டும் நம்பி மொழிபெயர்த்தால் கவிஞர் சொன்னதில் பாதி கைநழுவிப் போகும். எந்த உடம்பில் எந்த இடத்தில் முளைத்தது, ஒற்றை இழையா மொத்தமா, வாரி முடித்ததா அவிழ்த்து விட்டதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

அன்றாடச் சொல் கப்பில்லுஸ். தலைமுடி என்று பொருள். ஒருமையில் வந்தாலும் தலைமுடி முழுவதையும் குறிக்கும் என்பதால், ஒருமையைக் கண்டதும் ‘ஒரு முடி’ என்று எழுதிவிடக் கூடாது. நீங்களே லத்தீனில் உரைநடை எழுதும்போது எதைப் போடுவது என்று குழம்பினால் இதைப் போடுங்கள், தப்பாகாது.

உடம்பில் இருக்கும் ரோமமும் ஒற்றை மயிரிழையும் பிலுஸ். அற்பமானது என்ற பொருளும் இதற்கு உண்டு. ரோமானியக் கவிஞர் கத்துல்லுஸின் 10ஆம் கவிதையில், ஆளுநர் தன் பரிவாரத்தை ‘பிலீ’ (பிலுஸின் வேற்றுமை வடிவம்) அளவுக்கும் மதிக்கவில்லை என்று வருகிறது. ‘மயிரளவுக்கும் மதிக்கவில்லை’ என்று அப்படியே தமிழாக்கலாம், அதே காரம் இருக்கும். ஒரு கண்ணி: ‘பிரீமுஸ் பீலுஸ்’ என்ற ரோமானியப் படைப்பிரிவுத் தலைவர் பதவியில் வருவது நெடில். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் முடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விலங்குக்குப் போனால் சொற்கள் மாறும். முரட்டு மயிர் சைட்டா, சடை ரோமம் வில்லுஸ், பிடரி மயிர் இயுபா. பழங்கதையில் வரும் டமோக்ளீஸ் விருந்தில் அமர்ந்திருக்க, அவன் தலைக்கு மேல் வாளைத் தொங்கவிட்டது ‘சைட்டா எக்வீனா’, அதாவது குதிரை மயிர் என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதுகிறார். அங்கே வெறும் ‘முடி’ என்று போட்டால் எவருடைய தலைமுடியோ என்று வாசகர் நினைத்துக்கொள்வார்.

சுவையான இடம் கோமாவும் கிரீனிஸும்தான். கோமா கிரேக்கத்திலிருந்து வந்த கவிதைச் சொல். நீண்டு தழைத்த முடி, மரத்தின் இலைத்தழைக்கும் ஆகும். கால்லியா (இன்றைய பிரான்ஸை ஒட்டிய பகுதி) முடியை நீள வளர்த்தவர்களின் நாடு என்பதால் அதற்கு ‘கால்லியா கோமாட்டா’ என்று பெயர். ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் காவியத்தில் வீனஸ் தேவதை காற்றில் அலைய விடுவது கோமாவைத்தான். (மருத்துவமனையில் சொல்லும் ‘கோமா’ வேறொரு கிரேக்கச் சொல்; அது ஆழ்ந்த உறக்கம்.)

கிரீனிஸ் என்றால் பெரும்பாலும் பிரித்து, முடித்து, வகைப்படுத்திய கூந்தல். ரோமானிய மணப்பெண்ணுக்கு ஆறு கற்றையாகச் செய்த அலங்காரத்துக்குப் பெயர் ‘சேனீ கிரீனேஸ்’ (கிரீனேஸ் என்பது கிரீனிஸின் பன்மை). வால்நட்சத்திரத்தை ‘கிரீனீட்டா’, அதாவது கூந்தல் உடையது, என்கிறோம் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார்.

ரோமானியக் கவிஞர் ஓவிடின் ‘அமோரெஸ்’ என்ற காதல் கவிதைத் தொகுப்பில், முதல் நூலின் 14ஆம் கவிதையில் இச்சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. சாயம் பூசிப் பூசியே காதலிக்கு முடி கொட்டிவிட்டது. சாயம் பூசாதே என்று எச்சரித்த வரியில் கப்பில்லுஸ்; அழகெல்லாம் போச்சே என்று புலம்பும் இடத்தில் கோமா; இனி ஜெர்மானியா அனுப்பும் கைதிகளின் முடிதான் உனக்கு என்னும் இடத்தில் கிரீனேஸ். சாயம் ஏறுவது வெறும் முடியில், போனது தழைத்த அழகு, வருவது கற்றையாகக் கட்டிய சரக்கு என்று நான் வாசிக்கிறேன். ஆனால் இந்த வாசிப்பை ரொம்ப இழுக்கக் கூடாது. கோமாவின் முதல் அசை குறில், கிரீனிஸின் முதல் அசை நெடில். யாப்புக்காகவும் கவிஞர்கள் ஒன்றை விட்டு ஒன்றை எடுப்பார்கள். சட்டத்துக்கு அந்தக் கவலை இல்லை: ரோமானியச் சுங்கவரிப் பட்டியல் ஒன்றில் இந்திய முடி ‘கப்பில்லீ இந்திக்கீ’ என்றே பதிவாகியிருக்கிறது.

ஆண்களுக்கு மட்டும் கைசரியேஸ், பெண்களுக்கு கிரீனேஸ் என்று ஏழாம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிடோர் வகுத்து வைத்தார். இதைப் பாடமாக ஒப்பிக்காதீர்கள். எகிப்திய அரசி பெரினீக்கேயின் கூந்தலையே கத்துல்லுஸ் கைசரியேஸ் என்கிறார். வெர்ஜிலில் ‘கிரீனீட்டுஸ்’ (நீள்கூந்தல் உடையவன்) என்று வரும் பாடகன் இயோப்பாஸ் ஓர் ஆண். கைசரியேஸ் என்பது அடர்ந்து அழகான முடி, உயர்ந்த நடைக்கான சொல், அவ்வளவுதான்.

நரைக்குப் பெயர்ச்சொல்லே வேண்டாம், ‘கானீ’ என்ற பெயரடைப் பன்மை போதும். கப்பில்லுஸின் பன்மையான கப்பில்லீ உள்ளே தொக்கி நிற்கும். இதன் வேற்றுமை வடிவம் ‘கானீஸ்’. நெடில் குறியிடாத அச்சில் இதுவும் நாயைக் குறிக்கும் ‘கனிஸ்’ஸும் ஒரே எழுத்துக்கூட்டல். கிழவரைப் பற்றிய வரியில் திடீரென்று நாய் வந்தால் அங்கே ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.