தொட்டி தயார், மீன் இல்லை

மார்ச் 2
தங்கமீன் வாங்கும் முன் தொட்டித் தண்ணீரைப் பக்குவப்படுத்த ஆரம்பித்து 27ஆவது நாள். மீனுக்கு விஷமான இரண்டில் அம்மோனியா இறங்கிவிட்டது. நைட்ரைட் இறங்கவில்லை, சோதனைக் குழாயில் அதே ஊதா. வெறும் தண்ணீருக்கு ஃபில்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 4
ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோனில் அம்மா முதலில் கேட்டது: "மீன் வாங்கியாச்சா?"

மார்ச் 7
சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கடைக்குப் போனேன். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒன்று கண்ணாடிக்கே வந்து என்னைப் பார்த்தது. கிட்டத்தட்ட வாங்கியே விட்டேன். அப்புறம்தான் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒன்று கண் வெளுத்துச் செத்து ஒட்டிக்கிடப்பதைக் கவனித்தேன். "அது ஒண்ணுதாங்க, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் கடைக்காரர். எல்லாம் ஒரே தண்ணீரில் அல்லவா இருக்கின்றன? இன்னும் இரண்டு, முதுகுத் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நின்றன. வெறுங்கையோடு திரும்பினேன். இந்த வீட்டுக்குள் இன்னொரு நோயைக் கொண்டுவர என்னால் முடியாது.

மார்ச் 8
கண்ணாடிக் கிண்ணம் போதுமே என்கிறாள் அக்கா. தங்கமீன் செவுள் வழியாகவே அம்மோனியாவை விட்டுக்கொண்டிருக்கும். கிண்ணத்துத் தண்ணீர் எத்தனை நாள் தாங்கும்? 100 லிட்டர், ஒரே மீன். இதில் இறங்கிவர மாட்டேன்.

மார்ச் 12
நைட்ரைட் பூஜ்யம்! நாளையும் பார்த்துவிட்டு நம்புகிறேன்.

மார்ச் 14
வாங்கிவிட்டேன். வேறு கடை. தொட்டி முன்னால் அரை மணி நேரம் நின்றேன், யாரும் அவசரப்படுத்தவில்லை. மேலே வந்து வாயைப் பிளந்து காற்று தேடுவது ஒன்றும் இல்லை. செதில் தூக்கி நிற்பதும் இல்லை. கொஞ்சம் தீனி போட்டுக் காட்டச் சொன்னேன். இந்த ஃபேன்டெயில் (விசிறிவால் தங்கமீன்) சாயாமல், கவிழாமல் நேராக வந்து முதலில் கவ்வியது. முதுகுத் துடுப்பு பாய்மரம் மாதிரி நிமிர்ந்திருந்தது.
பையைத் தொட்டியில் 20 நிமிடம் மிதக்கவிட்டு, நம் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். அப்புறம் மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டேன். கடைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.

மார்ச் 15, அதிகாலை 2 மணி
அடியில் அசையாமல் கிடக்கிறது. நிறம் வெளிறியிருக்கிறது, கண் திறந்தே இருக்கிறது. மீனுக்கு இமை இல்லை, தூக்கமே இப்படித்தான் இருக்கும் என்று தெரியும். தெரிந்தும் விளக்கைப் போட்டேன். மெல்லத் துடுப்பு நிமிர்ந்தது. பாவம், எழுப்பிவிட்டேன்.

மார்ச் 16
சாப்பிட்டது.

மார்ச் 18
செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளிகள். வயிறு கலங்கிவிட்டது. டார்ச் அடித்து எண்ணினேன்: செவுள் மூடியில் ஏழெட்டு, பக்கத் துடுப்பின் முன் விளிம்பில் வரிசையாகச் சில. உடம்பில் ஒன்றுமில்லை, வாலில் ஒன்றுமில்லை. வெண்புள்ளி நோய் என்றால் உப்புத் தூவியது போல உடம்பெல்லாம் பரவும், மீன் எதிலாவது உரசிக்கொண்டே இருக்கும். இது உரசவில்லை. ஆண் மீனுக்கு இனப்பெருக்கப் பருவத்தில் இந்த இடங்களில்தான் புள்ளி வரும். அப்படியானால் இவன் ஆண்!
மாலை மறுபடி எண்ணினேன். அதே ஏழெட்டு.

மார்ச் 19
நாளை அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அம்மா படுத்தால் தொட்டி தெரியாது, நடுவில் பீரோ மறைக்கிறது. தண்ணீரோடு தொட்டியை நகர்த்த முடியாது. கட்டிலைத்தான் இழுத்துப் போட வேண்டும். அக்காவைக் கூப்பிடுகிறேன்.